வெள்ளாடும் எமர்ஜிங் மார்க்கெட்டும்

மொழியில் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த தேதி கிடையாது. 'மரம்' என்று முதலில் சொன்னவர் யார், 'கடன்' என்ற சொல் எந்த ஊரில் எந்த வாயிலிருந்து முதலில் வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. வணிக ஆங்கிலத்தின் சொற்களில் பலவற்றுக்கோ பெற்றோர் பெயரும், பிறந்த ஆண்டும், பிறப்பித்த காரணமும் உண்டு. நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் தினமும் கண்ணில் படும் 'எமர்ஜிங் மார்க்கெட்' அப்படிப்பட்ட பெயர். இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத நாடுகளை ஒரே கயிற்றில் கட்டும் இந்தப் பெயர், 1981இல் ஒரு முதலீட்டு நிதியை விற்க முயன்றவர் மூளையில் உதித்தது.

வணிக ஆங்கிலம் கற்பிப்பவர்கள் ஒரு நல்ல வழியைக் கையாளுகிறார்கள். சொற்பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாமல், முன்னேறிவரும் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் பேசுபொருளாக வைத்து மாணவர்களைப் பேச விடுகிறார்கள். பணவீக்கம், அந்நிய முதலீடு, நாணய மதிப்பு, கடன் என்று பேச்சு போகும்போது அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களும் கூடவே வந்து சேருகின்றன. பயன் தரும் வழிதான். ஆனால் அந்தப் பேச்சுக்குத் தலைப்பாக நிற்கும் பெயரை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அதை விசாரித்தால் வணிக ஆங்கிலம் எப்படிப் பேசுகிறது, ஏன் அப்படிப் பேசுகிறது என்பது புரிந்துவிடும்.

நீருக்குள் இருக்கும் வேர்

'எமர்ஜ்' லத்தீன் வழி வந்த சொல். லத்தீனில் 'மெர்கெரெ' என்றால் அமிழ்தல், அமிழ்த்துதல். அதன் முன்னால் 'வெளியே' என்ற பொருள்தரும் 'எ' சேர்ந்து 'எமெர்கெரெ' ஆகும்போது, நீருக்குள் இருந்தது மேலே வருதல் என்ற பொருள் பிறக்கிறது. நீரில் பாய்ந்து மூழ்கி இரை தேடும் பறவைக்கு லத்தீனில் 'மெர்குஸ்' என்று பெயர். நீரில் மூழ்கச் செய்வதைக் குறிக்கும் 'சப்மெர்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வீட்டுப் பிள்ளை.

இந்த வேருக்கு நம் பக்கத்திலும் உறவு இருக்கிறது. லத்தீன் 'மெர்கெரெ'யும், மூழ்குதல் என்று பொருள்படும் வடமொழி 'மஜ்ஜ்' என்ற வினையும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் முடிபு. அந்த வினையிலிருந்து வந்த 'மஜ்ஜனம்' தமிழில் 'மஞ்சனம்' ஆயிற்று. கோயிலில் சுவாமிக்கு நடக்கும் திருமஞ்சனமும் பங்குச்சந்தைச் செய்தியில் வரும் எமர்ஜிங்கும் தூரத்துப் பங்காளிகள்.

ஆங்கிலத்துக்குள் நுழைந்த பிறகு இந்த வேர் பல திசையில் பிரிந்தது. எதிர்பாராமல் மேலே கிளம்பி வருவது 'எமர்ஜென்சி' ஆயிற்று. 1975 ஜூன் 25 இரவுக்குப் பின் இந்தியர் எவரும் மறக்க முடியாத சொல். மற்றொரு கிளையில் 'மெர்ஜ்' என்ற வினை, மூழ்குதல் என்ற பழைய பொருளிலிருந்து, சட்டத்தில் ஒரு சிறு சொத்துரிமை பெரிய உரிமைக்குள் அமிழ்ந்து மறைதல் என்ற பொருளுக்கு வந்தது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்வதை 'மெர்ஜர்' என்றார்கள். தமிழில் இதை 'இணைப்பு' என்கிறோம். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. இணைந்தபின் இரண்டு பெயர்கள் இல்லை, ஒன்று மூழ்கிவிட்டது. 'இணைப்பு' என்ற தமிழ்ச்சொல் சொல்லாமல் விட்டதை லத்தீன் வேர் சொல்லிவிடுகிறது.

பெயரின் இரண்டாம் பாதிக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. 'மார்க்கெட்', சரக்கு என்று பொருள்படும் 'மெர்க்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. 'மெர்ச்சன்ட்', 'காமர்ஸ்' இரண்டும் அதன் உடன்பிறப்புகள். பழந்தமிழில் இதற்கு 'அங்காடி' என்று பெயர். பகலில் கூடுவது நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சி இரண்டையும் காட்டுகிறது. இன்றைய பேச்சுத்தமிழ் 'மார்க்கெட்'டைச் சொந்தமாக்கிக்கொண்டு இரண்டு பொருளில் ஆளுகிறது. திருச்சி காந்தி மார்க்கெட் என்னும்போது அது இடம். மார்க்கெட் போய்விட்ட நடிகர் என்னும்போது அது வாங்குவோரின் விருப்பம். ஆங்கிலத்திலும் இடத்தில் தொடங்கிய சொல், வாங்குவோர் கூட்டம் என்ற அருவப் பொருளுக்கு நகர்ந்தது. நாம் விசாரிக்கும் பெயரில் அது மூன்றாவதாக ஒரு நகர்வையும் செய்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முன்னோர்கள்

1981க்கு முன் இந்த நாடுகளுக்கு வேறு பெயர்கள் இருந்தன. குடியேற்ற ஆட்சிக் காலத்து ஆவணங்களில் அவை 'பேக்வர்ட்', அதாவது பின்தங்கியவை. 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் பதவியேற்பு உரையில் தம் அயலுறவுக் கொள்கையின் நான்காவது அம்சமாக, 'அண்டர்டெவலப்ட்' பகுதிகளுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யப்போவதாக அறிவித்தார். அந்தச் சொல்லை அதற்கு முன்பும் சிலர் எழுதியதுண்டு. ஆனால் உலகத்தின் பெரும்பகுதி 'வளர்ச்சி குன்றியது' என்ற ஒற்றை அடையாளத்தின்கீழ் வந்தது அந்த உரைக்குப் பிறகுதான்.

மூன்று ஆண்டு கழித்துப் பிரான்சிலிருந்து அடுத்த பெயர் வந்தது. மக்கள்தொகை ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் சோவி, 1952 ஆகஸ்ட் 14 தேதியிட்ட 'லொப்செர்வாத்தர்' வார இதழில் எழுதிய கட்டுரையில் 'மூன்றாம் உலகம்' என்ற தொடரை ஆண்டார். அதில் வரும் 'மூன்றாம்' தரவரிசை எண் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் அங்கே சமூகம் மூன்று பிரிவாகக் கருதப்பட்டது: குருமார், பிரபுக்கள், மற்றவர். உழைத்து வரி கட்டியும் அரசியலில் குரலற்றுக் கிடந்த அந்த மூன்றாம் பிரிவே 1789இல் எழுந்து நின்றது. அமெரிக்க அணியும் சோவியத் அணியும் கண்டுகொள்ளாத நாடுகளும் அப்படி எழும் என்பது சோவி வைத்த குறிப்பு. 1955இல் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடியபோது அந்தக் குறிப்பு மெய்யாவது போலவும் தோன்றியது.

ஆங்கிலத்துக்கு மாறியதும் புரட்சி உதிர்ந்து எண் மட்டும் தங்கியது. ரயிலில் மூன்றாம் வகுப்புக்குப் பழகிய காதுக்கு 'தேர்ட் வேர்ல்ட்' வேறு எப்படிக் கேட்கும்? தமிழிலும் 'மூன்றாம் தரம்' என்ற சொல் பக்கத்திலேயே நின்றது. கண்ணியமாகப் பிறந்த பெயர் முப்பது ஆண்டுக்குள் இழிவுப் பெயராகிவிட்டது.

இடையில் ஐக்கிய நாடுகள் அவையின் அரங்குகளில் 'டெவலப்பிங் கன்ட்ரீஸ்' நிலைபெற்றது. 'வளர்ச்சி குன்றிய' என்பதைவிட 'வளரும்' என்பது மரியாதையானது. 1964இல் ஜெனீவாவில் 77 நாடுகள் கூட்டறிக்கை வெளியிட்டபோது தம்மை வளரும் நாடுகள் என்றே அழைத்துக்கொண்டன. இந்தப் பெயரை அந்த நாடுகளே ஏற்று, உலக வணிகத்தில் சலுகை கேட்கும் உரிமைச் சீட்டாகவும் பயன்படுத்தின என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் பெயருக்கு அந்தத் தகுதி கிடையாது.

1981: ஒரு விற்பனைச் சிக்கல்

அந்த்வான் வான் அக்ட்மேல் டச்சுக்காரர். பாங்காக்கில் நிதித்துறையில் பணியாற்றியவர். பின்பு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி என்ற சர்வதேச நிதிக் கழகத்தில் சேர்ந்தார். ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நல்ல கம்பெனிகள் இருக்கின்றன, அவற்றின் பங்குகளில் மேற்கத்தியப் பணம் போடலாம் என்பது அவர் நம்பிக்கை. 1981இல் நியூயார்க்கின் சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தில் முதலீட்டு நிர்வாகிகள் முன்னிலையில் தம் திட்டத்தை விளக்கினார். திட்டத்தின் பெயர், மூன்றாம் உலகப் பங்கு நிதி.

கேட்டவர்களில் ஒருவர், யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு விற்க முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான் என்று வான் அக்ட்மேலுக்கும் பட்டது. மூன்றாம் உலகம் என்றதும் முதலீட்டாளர் மனத்தில் மட்டமான துணி, மலிவு பொம்மை, ஊழல், வெள்ளம் சூழ்ந்த நெல்வயல் இவைதாம் வரும் என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த வார இறுதியில் யோசித்து அவர் கண்டுபிடித்த மாற்றுப் பெயர் 'எமர்ஜிங் மார்க்கெட்ஸ்'. முன்னேற்றம், எழுச்சி, துடிப்பு எல்லாம் அதில் தொனிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பெயர் பலித்தது. 1986இல் ஐஎஃப்சியின் ஆதரவோடு 'எமர்ஜிங் மார்க்கெட்ஸ் க்ரோத் ஃபண்ட்' தொடங்கியது. அடுத்த ஆண்டு டெம்பிள்டன் நிறுவனம் மார்க் மோபியஸ் பொறுப்பில் அதே பெயர்கொண்ட நிதியை நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது. 1988இல் எம்எஸ்சிஐ நிறுவனம் 10 நாடுகளைக் கொண்டு எமர்ஜிங் மார்க்கெட் குறியீட்டைத் தொடங்கியது. ஏழே ஆண்டில் ஒரு வார இறுதி யோசனை, உலகப் பணம் எங்கே போகலாம் என்று வழிகாட்டும் அட்டவணையின் தலைப்பாகிவிட்டது.

நன்னூல் முன்பே சொன்னது

இங்கே நடந்தது என்ன என்பதை விளக்கத் தமிழ் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லாமல் தகுதி கருதி வேறு சொல்லால் சொல்வதைத் 'தகுதி வழக்கு' என்கிறது. அது மூன்று வகை. நாகரிகம் கருதி மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். கால் கழுவி வந்தேன் என்பது பள்ளிப் பாட உதாரணம். அமங்கலத்தை நீக்கி நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் இதில் அடங்கும். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாசிரியர் காட்டும் சான்றுகள்.

வணிக ஆங்கிலத்தின் பெயர்களில் பெரும்பகுதியை இந்த மூன்று வகையில் பிரித்துவிடலாம். எமர்ஜிங் மார்க்கெட், ஐயத்துக்கு இடமின்றி மங்கலம். ஆடு அதே ஆடு, பெயர்தான் வெள்ளாடு. 1981இன் வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் இடையில் எந்த நாட்டிலும் ஒரு சாலைகூடப் புதிதாகப் போடப்படவில்லை. ஆனால் வெள்ளியன்று விற்க முடியாமல் இருந்தது பின்னர் விற்கும்படி ஆயிற்று.

மங்கல வழக்கைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. துஞ்சினார் என்று சொல்வதால் யாரும் ஏமாறுவதில்லை. வான் அக்ட்மேல் வைத்த பெயரும் பல நாடுகளைப் பொறுத்தவரை பலித்தது. தென்கொரியாவும் தைவானும் உண்மையிலேயே எழுந்தன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மங்கல வழக்கைப் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது மங்கல வழக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். எமர்ஜிங் மார்க்கெட் விஷயத்தில் அந்த நினைவு மறைந்துவிட்டது. இன்று அது பொருளியல் வகைபோலப் பாடநூலில் நிற்கிறது.

சந்தை நாடான கதை

முன்பு சொன்ன மூன்றாவது நகர்வு இதுதான். வான் அக்ட்மேல் 'மார்க்கெட்' என்று சொன்னது பங்குச்சந்தையை. ஐஎஃப்சி அப்போது தொகுக்கத் தொடங்கியதும் பங்கு விலைகளின் தரவுகளைத்தான். காலப்போக்கில் பெயர் பங்குச்சந்தையிலிருந்து பொருளாதாரத்துக்கும், பொருளாதாரத்திலிருந்து நாட்டுக்கும் படர்ந்தது. இந்தியாவில் பங்குச்சந்தை ஒரு பகுதி. வயலும் பள்ளியும் நீதிமன்றமும் குடும்பமும் மற்றப் பகுதிகள். ஆனால் இந்தியா ஓர் எமர்ஜிங் மார்க்கெட் என்று கூச்சமின்றிச் சொல்கிறோம். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வருவதைச் சினையாகுபெயர் என்பார்கள். தலைக்கு ஒரு பழம் கொடு என்பதில் தலை என்பது ஆளைக் குறிப்பதுபோல, இங்கே சந்தை என்பது நாட்டைக் குறிக்கிறது.

ஆகுபெயர் என்று தெரியாமல் படித்தால் குழப்பம் வரும். எம்எஸ்சிஐ தன் பட்டியலை மூன்று அளவுகோலால் தீர்மானிக்கிறது: பொருளாதார வளர்ச்சி, சந்தையின் அளவும் புழக்கமும், வெளிநாட்டு முதலீட்டாளர் எவ்வளவு எளிதாக உள்ளே வந்து வெளியே போகலாம் என்பது. மூன்றாவது அளவுகோல் பல வேடிக்கைகளுக்குக் காரணம். தென்கொரியாவை எஃப்டிஎஸ்இ என்ற மற்றொரு குறியீட்டு நிறுவனம் 2009இலேயே வளர்ந்த சந்தையாக ஏற்றுக்கொண்டது. எம்எஸ்சிஐ பட்டியலில் அது இன்னும் எமர்ஜிங்தான். அந்நாட்டு நாணயத்தை வெளியே தடையின்றி வாங்கி விற்க முடியாதது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கொரியாவின் கார்களும் கைபேசிகளும் உலகமெங்கும் நிறைந்திருப்பது அந்தக் கணக்கில் வராது.

கிரேக்கத்தின் கதை இன்னும் விசித்திரம். கடன் நெருக்கடியில் மூழ்கிய அந்த நாட்டை எம்எஸ்சிஐ 2013இல் வளர்ந்த சந்தைகளின் பட்டியலிலிருந்து இறக்கி எமர்ஜிங் பட்டியலில் சேர்த்தது. நீரிலிருந்து மேலே வருவது என்ற பொருள்கொண்ட பெயர், நீருக்குள் போன நாட்டுக்குச் சூட்டப்பட்டது. பாகிஸ்தான் 2017இல் இந்தப் பட்டியலுக்கு ஏறி 2021இல் இறங்கியது. 2019இல் ஏறிய அர்ஜென்டினா 2021இல் எந்தப் பட்டியலிலும் சேராத தனி இனமாயிற்று. இந்தியா இந்தக் குறியீட்டுக்குள் வந்தது 1994இல். சுதந்திரத்துக்குப் பிந்தைய நாற்பது ஆண்டு வளர்ச்சி அதற்குக் காரணமில்லை. 1992 செப்டம்பரில் அந்நிய நிதி நிறுவனங்கள் இந்தியப் பங்குகளை வாங்க மத்திய அரசு அனுமதித்ததுதான் காரணம்.

இந்த ஏணியின் கீழ்ப்படிக்கும் பெயர் வேண்டுமல்லவா? 1992இல் ஐஎஃப்சியின் ஃபரிதா கம்பாட்டா 'ஃப்ராண்டியர் மார்க்கெட்' என்ற பெயரை வைத்தார். 'ஃப்ராண்டியர்' லத்தீனில் நெற்றியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக எல்லை என்ற பொருளுக்கு வந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் அது குடியேறியவர்கள் இன்னும் கைப்பற்றாத மேற்குநிலத்தின் விளிம்பு. துணிச்சல்காரர் போய்ச் சொத்துச் சேர்க்கும் இடம் என்ற வாசனை அதில் உண்டு. அங்கே ஏற்கெனவே மனிதர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்ற செய்தி அதில் இல்லை. எழுத்தறிவிலும் பொதுச் சுகாதாரத்திலும் தெற்காசியாவுக்கு நெடுங்காலம் முன்மாதிரியாக இருந்த இலங்கை, இந்தப் பெயரின்கீழ்தான் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

பூனையும் செங்கல்லும்

எமர்ஜிங் என்ற பெயர் எல்லோருக்கும் பொதுவானதும், நிதி நிறுவனங்களுக்குத் தனிப் பெயர்கள் தேவைப்பட்டன. 2001 நவம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் ஜிம் ஓ'நீல் ஓர் அறிக்கை எழுதினார். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா நான்கின் முதல் எழுத்துகளைக் கோத்து 'பிரிக்' என்று அதில் பெயர் வைத்தார். செங்கல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலி ஒத்துப்போக, அறிக்கையின் தலைப்பிலேயே கட்டுதல் என்ற சிலேடையையும் சேர்த்துவிட்டார். இது குழூஉக்குறி. நிதிச்சந்தைக்காரருக்குள் புழங்கிய சொல், இரண்டு ஆண்டு கழித்து 2050ஆம் ஆண்டு வரைக்குமான கணிப்போடு அதே நிறுவனம் மற்றோர் அறிக்கை வெளியிட்டபின் செய்தித்தாள் சொல்லாயிற்று.

இந்தக் குழூஉக்குறிக்கு நேர்ந்தது மற்ற எதற்கும் நேரவில்லை. பெயரிடப்பட்ட நாடுகள் பெயரைத் தாமே எடுத்துக்கொண்டன. 2009 ஜூனில் ரஷ்யாவின் எகடெரின்பர்க்கில் நான்கு நாட்டுத் தலைவர்களும் கூடினார்கள். 2011இல் சீனாவின் சான்யா மாநாட்டில் தென்னாப்பிரிக்காவும் சேர, பெயரில் ஓர் எழுத்துக் கூடி 'பிரிக்ஸ்' ஆயிற்று. 2015இல் ஷாங்காயில் அதன் வங்கி செயல்படத் தொடங்கியது. முதல் தலைவர் இந்தியாவின் கே.வி. காமத். 2024இல் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் நான்கும், 2025இல் இந்தோனேசியாவும் உள்ளே வந்தன. முதலெழுத்துகளைக் கோத்த கணக்கு குலைந்துபோனாலும் பெயர் மாறவில்லை. பெயர் வைத்த கோல்ட்மேன் சாக்ஸோ, 2015இல் தன் பிரிக் நிதியை மூடி, பொதுவான எமர்ஜிங் மார்க்கெட் நிதியோடு மெர்ஜ் செய்துவிட்டது. விற்பனைக்காகப் பிறந்த பெயர் விற்பனையில் மூழ்கி அரசியலில் மேலே வந்தது.

மற்றப் போட்டிப் பெயர்கள் அற்பாயுளில் போயின. கொலம்பியா, இந்தோனேசியா, வியட்நாம், எகிப்து, துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆறையும் சேர்த்து 'சிவெட்ஸ்' என்றார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் புனுகுப்பூனை என்று பொருள். மெக்சிகோ, இந்தோனேசியா, நைஜீரியா, துருக்கி நான்கும் 'மின்ட்' ஆயின. இவற்றை மனப்பாடம் செய்யும் மாணவர் நேரத்தை வீணாக்குகிறார் என்றே சொல்வேன்.

காற்று திரும்பிய ஆண்டில் பெயரும் திரும்பியது. 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, கடன்பத்திரம் வாங்கும் அளவைக் குறைக்கக்கூடும் என்று குறிப்புக் காட்டினார். எமர்ஜிங் நாடுகளில் போட்டிருந்த பணம் அமெரிக்காவை நோக்கிக் கிளம்பியது. ஆகஸ்ட் மாதத்தில் டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு 68ஐயும் தாண்டிச் சரிந்தது. அதே மாதம் மார்கன் ஸ்டான்லி அறிக்கை ஒன்று பிரேசில், இந்தியா, இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்கா ஐந்தையும் 'ஃப்ராஜைல் ஃபைவ்' என்றது. எளிதில் உடையும் ஐவர். எதிர்காலத்தின் செங்கற்கள் என்று கொண்டாடப்பட்ட நான்கில் இரண்டு, பன்னிரண்டே ஆண்டில் உடையும் பொருளாகிவிட்டன.

நோய் யாருடையது?

அந்த நெருக்கடிக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'டேப்பர் டான்ட்ரம்'. 'டேப்பர்' பழைய ஆங்கிலத்தில் மெழுகுதிரி. மேலே போகப்போக மெலியும் அதன் வடிவத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைதல் என்ற வினை வந்தது. 'டான்ட்ரம்' குழந்தை அடம்பிடித்துக் கத்துவது. அடம்பிடித்தவர்கள் முதலீட்டாளர்கள், அடிபட்டவர்கள் இறக்குமதிப் பெட்ரோலுக்கு அதிக விலை கொடுத்த நாட்டு மக்கள். கோடிக்கணக்கானவரைப் பாதித்த ஒன்றைக் குழந்தையின் அடமாகச் சுருக்கியது இடக்கரடக்கலின் பாற்படும்.

1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டதும் வெடித்த ஆசிய நெருக்கடியில் 'கன்டேஜியன்' என்ற சொல் பெருகியது. தொடுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த நோய்ச்சொல். தமிழில் இதற்கு ஒட்டுவாரொட்டி என்ற அருமையான சொல் உண்டு. தாய்லாந்திலிருந்து இந்தோனேசியாவுக்கும் கொரியாவுக்கும் நோய் தொற்றியதாக அந்தச் சொல் காட்டுகிறது. தொற்றைச் சுமந்து போனது யார் என்பதை அது சொல்வதில்லை. மூன்று நாடுகளையும் ஒரே பட்டியலில் வைத்திருந்த முதலீட்டாளர், ஓரிடத்தில் நட்டப்பட்டதும் மற்ற இரண்டிலிருந்தும் பணத்தை உருவினார். பொதுப் பெயரே ஒட்டுவதற்கு வழி செய்தது. ஒரே கயிற்றில் கட்டினால் ஒன்று விழும்போது மற்றதும் இழுபடும்.

'ஹேர்கட்' என்ற சொல்லையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். கொடுத்த கடனில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறாமல் விட்டுவிடும் ஏற்பாட்டை நிதியுலகம் முடிவெட்டு என்கிறது. முடி மறுபடியும் வளர்ந்துவிடும், வலிக்காது என்ற ஆறுதல் அதில் ஒளிந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தபின் கொழும்பில் அன்றாடம் அடிபட்ட சொல் அது. அடுத்த ஆண்டு வந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியும் இழுக்கப்பட்டது. நட்டம் வந்தால் மொட்டை அடித்துவிட்டார்கள் என்பது தமிழ் வழக்கு. ஆங்கிலம் முடிவெட்டோடு நிறுத்திக்கொள்கிறது.

தமிழில் என்ன செய்தோம்

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'டெவலப்பிங் கன்ட்ரி'யை வளரும் நாடு என்றும் 'எமர்ஜிங் மார்க்கெட்'டை வளர்ந்துவரும் சந்தை என்றும் எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் முதலாவது, அபிவிருத்தி அடைந்துவரும் நாடு. தமிழ்நாட்டு வழக்கில் இரண்டுக்கும் இடையில் ஒரு 'வரும்' மட்டுமே வேறுபாடு. ஒன்று ஐ.நா. அவையில் நாடுகள் தாமே ஏற்றுக்கொண்ட பெயர், மற்றொன்று நிதி விற்றவர் சூட்டிய பெயர் என்ற உண்மை அந்த ஒரு சொல் இடைவெளியில் காணாமல் போகிறது. இந்தி 'உபர்தே' என்று மேலெழும் பொருளையாவது காப்பாற்றிக்கொண்டது.

புதுச்சொல் ஆக்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. குறியீட்டையும் முதலீட்டுப் பட்டியலையும் பேசும்போது எமர்ஜிங் மார்க்கெட் என்றே எழுதிவிடலாம். அது ஒரு முத்திரைப் பெயர். நாட்டின் நிலையைச் சொல்லும் வருணனை அல்ல. மக்களின் கல்வி, நலம், வருமானம் பற்றிப் பேசும்போது வளரும் நாடு என்று எழுதலாம். அந்த எல்லைக்கோட்டைக் கலைக்காதிருந்தால் போதும்.

பெயர்களின் ஓட்டம் நிற்கவில்லை. உலக வங்கி 2016இல் தன் புள்ளிவிவரத் தொகுப்பில் வளர்ந்த, வளரும் என்ற பிரிவினையைக் கைவிட்டது. சர்வதேச நாணய நிதியம் எமர்ஜிங்கையும் டெவலப்பிங்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு நீண்ட பெயர் வைத்திருக்கிறது. 1969இல் அமெரிக்க எழுத்தாளர் கார்ல் ஓக்லெஸ்பி வியட்நாம் போரைக் கண்டித்து எழுதியபோது ஆண்ட 'குளோபல் சவுத்' இன்று எங்கும் ஒலிக்கிறது. 2023 ஜனவரியில் இந்தியாவே அந்தப் பெயரில் ஒரு மாநாட்டை நடத்தியது. 1964இல் நடந்ததுபோல, நாடுகள் தமக்கான பெயரைத் தாமே தேர்ந்துகொள்ளும் போக்கு திரும்பியிருப்பதற்கு இது அடையாளம்.

வணிக ஆங்கிலம் பயில்வோர் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் பேசிச் சொல் சேர்க்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் குறிப்பேட்டில் சொல்லையும் பொருளையும் எழுதும்போது இன்னும் மூன்று விவரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதை முதலில் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எதை விற்பதற்குச் சொன்னார். பிறகு அது மங்கலமா, இடக்கரடக்கலா, குழூஉக்குறியா என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். நேர்முகத் தேர்வில் எமர்ஜிங் மார்க்கெட் என்று தயங்காமல் சொல்லுங்கள், அறிக்கையில் எழுதுங்கள். அது முதலீட்டாளரிடம் நாடுகளை அறிமுகப்படுத்த விற்பனையாளர் ஒருவர் சூட்டிய மங்கலப் பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தச் சொல்லை நீங்கள் ஆள்வீர்கள். தெரியாவிட்டால் அது உங்களை ஆளும்.